டெலிபதிக்குக் குவாண்டம் விளக்கம்: எந்தக் கோட்பாட்டுக்கு நேரம் கொடுக்கலாம்?

"டெலிபதியைக் குவாண்டம் இயற்பியல் விளக்கிவிட்டது" என்று யாராவது சொன்னால், திருப்பிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "எந்தக் கோட்பாடு?" அந்தப் பெயரில் ஒரே ஒரு கோட்பாடு கிடையாது. அரை டஜனுக்குக் குறையாமல் இருக்கின்றன, அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதும் இல்லை. இரண்டு மூளைகள் துகள்களைப் போலப் பின்னிக்கொள்கின்றன என்கிறது ஒன்று. பின்னலெல்லாம் வேண்டாம், பார்ப்பவரின் மனமே விளைவைத் தீர்மானிக்கிறது என்கிறது இன்னொன்று. எதிர்காலத்திலிருந்து தகவல் பின்னோக்கி வருகிறது என்பது மூன்றாவது. இயற்பியலையே விட்டுவிடுங்கள், குவாண்டம் கணிதத்தின் வடிவம் மட்டும் போதும் என்பது நான்காவது. காணொளிகளில் இவை எல்லாம் ஒரே மூச்சில் வருவதால் எல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

சரி, உங்களுக்கு இந்த விஷயத்தில் உண்மையாகவே ஆர்வம் இருக்கிறது, ஒன்றை மட்டும் எடுத்து ஆழமாகப் படிக்கப் போகிறீர்கள் அல்லது கல்லூரித் திட்டக் கட்டுரைக்குத் தலைப்பாக எடுக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எதை எடுப்பது? டெலிபதி உண்டா இல்லையா என்ற பெரிய வழக்கை இங்கே தீர்க்கப் போவதில்லை. என் சாய்வு எந்தப் பக்கம் என்பது போகப் போகத் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு கோட்பாட்டையும் இரண்டு கேள்விகளால் உரசிப் பார்க்கலாம். ஒன்று: இது இப்போதுள்ள குவாண்டம் விதிகளை அப்படியே வைத்துக்கொள்கிறதா, மாற்றுகிறதா? இரண்டு: எந்த முடிவு வந்தால் "நான் சொன்னது தப்பு" என்று இதைச் சொன்னவர் ஒத்துக்கொள்வார்? முதல் கேள்வியிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது. விதிகளை அப்படியே வைத்துக்கொண்டால் ஒரு மனத்திலிருந்து இன்னொரு மனத்துக்குச் செய்தி போக வழியில்லை. விதிகளை மாற்றினால், அந்த மாற்றம் மூளைக்குள் மட்டும் ஒளிந்திருக்காது. சாதாரண ஆய்வுக்கூடத்திலும் தலைகாட்டியாக வேண்டும், இதுவரை காட்டவில்லை. ஒவ்வொரு கோட்பாடும் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து தேடுகிறது.

பின்னிக்கொண்ட மூளைகள்

மிகப் பிரபலமானது இதுதான். மிகப் பலவீனமானதும் இதுதான் என்பது என் கணிப்பு.

குவாண்டம் பின்னல், அதாவது இரண்டு துகள்கள் பிரிந்து போன பிறகும் ஒரே அமைப்பாகப் பிணைந்திருப்பது, பொய்யல்ல. ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரும் 1935இல் அதை ஒரு புதிராக எழுப்பினார்கள். 1964இல் ஜான் பெல் அதைச் சோதித்துப் பார்க்கக்கூடிய கணக்காக மாற்றினார். 1972இல் கிளாசரும் ஃப்ரீட்மனும், 1982இல் ஆஸ்பேயின் குழுவும் சோதித்தார்கள். 2015இல் மூன்று குழுக்கள் மிச்சமிருந்த ஓட்டைகளையும் அடைத்துச் சோதித்தன. 2022இல் ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் இரண்டு துகள்களின் அளவீடுகள் ஒன்றுக்கொன்று பொருந்தி வருகின்றன. இதில் சண்டையே இல்லை.

சண்டை அடுத்த படியில். கயல் ஓர் ஊரில், மாறன் வேறோர் ஊரில் இருக்கிறார்கள். பின்னிய இணை ஒவ்வொன்றிலும் ஆளுக்கு ஒரு துகள் வருகிறது. கயல் தன் துகள்களை ஒவ்வொன்றாக அளந்து கூட்டல், கழித்தல் என்று குறித்துக்கொள்கிறாள்: + − − + + − +. மாறன் தன் நோட்டில் குறிப்பது: − + + − − + −. இப்போது கயல் மாறனுக்கு "ஆமாம்" என்று ஒரு சொல் அனுப்ப நினைத்துத் தன் கருவியின் கோணத்தைத் திருப்புகிறாள். மாறனின் நோட்டில் என்ன மாறும்? ஒன்றும் மாறாது. அவனுக்கு முன்பும் பாதிக்குப் பாதி ஒழுங்கற்ற கூட்டலும் கழித்தலும்தான், இப்போதும் அதேதான். கயல் கருவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போயிருந்தாலும் அதேதான். இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் பொருத்தம் தெரியும். பக்கத்தில் வைக்க ஒருவர் இன்னொருவருக்குப் போன் செய்ய வேண்டும். கருவியின் தரம் போதாததால் வந்த தடை அல்ல இது. குவாண்டம் கணிதத்திலிருந்தே நேராக வரும் தேற்றம்.

டெலிபதி என்றால் என்ன? ஒருவர் படத்தைப் பார்க்கிறார், வேறு அறையில் இருப்பவர் அது என்ன படம் என்று சொல்கிறார். அது செய்தி. பின்னலால் செய்தி போகாது. அவ்வளவுதான், இங்கேயே முடிந்துவிட்டது.

இந்தத் தடையை உடைக்கப் பார்த்தவர்களின் கதை மட்டும் படிக்கத் தகுந்தது. 1975இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் எலிசபெத் ராஷர், ஜார்ஜ் வைஸ்மன் இருவரும் ஒரு விவாதக் குழுவைத் தொடங்கினார்கள். வேலை கிடைக்காத இளம் இயற்பியலாளர்கள் பலர் அதில் கூடி பெல் தேற்றத்தையும் டெலிபதியையும் பற்றி மணிக்கணக்காகப் பேசினார்கள். அந்தக் குழுவைச் சேர்ந்த நிக் ஹெர்பர்ட், பின்னலைக் கொண்டு ஒளியை விட வேகமாகச் செய்தி அனுப்ப ஒரு திட்டம் எழுதினார். வந்த ஒற்றை ஃபோட்டானை (ஒளித்துகளை) லேசர் மூலம் பல நகல் எடுத்துவிட்டால், எந்தக் கோணத்தில் அந்தப் பக்கம் அளந்தார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர் யோசனை. கட்டுரையை மதிப்பிட்டவர்களில் ஒருவரான ஆஷர் பெரஸ், இது தப்பு என்று தெரிந்தும் வெளியிடச் சொன்னார். தப்பு எங்கே என்று தேடுவதில் நல்லது ஏதாவது வரும் என்று நினைத்ததாகப் பின்னாளில் எழுதினார். அவர் நினைத்தபடியே நடந்தது. தெரியாத குவாண்டம் நிலையை நகலெடுக்கவே முடியாது என்று 1982இல் வூட்டர்ஸ், சூரெக் இருவரும், தனியாக டீக்ஸும் நிறுவினார்கள். இன்றைய குவாண்டம் மறைகுறியீடு பாதுகாப்பாக இருப்பதற்கு அந்தத் தேற்றமே காரணம். டெலிபதி ஆசையால் இயற்பியலுக்குக் கிடைத்த லாபம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் அது டெலிபதிக்கு எதிரான லாபம்.

இந்தப் பக்கத்தில் நேர்மையான எதிர்வாதம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 1973இல் நோபல் பெற்ற இயற்பியலாளர் பிரையன் ஜோசஃப்சன், பல்லிகாரி-விராஸ் என்பவருடன் சேர்ந்து 1991இல் ஒரு கட்டுரை எழுதினார். செய்தி போகாது என்பது சராசரிகளைப் பற்றிய தேற்றம். உயிர்கள் சராசரியை நம்பி வாழ்வதில்லை, ஒவ்வொரு நிகழ்வின் தனித்தன்மையையும் பிடித்துப் பயன்படுத்தும்படி அவை பரிணமித்திருக்கலாம் என்பது வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூர்ந்து பார்த்தால், குவாண்டம் நிகழ்தகவுகளுக்கு அடியில் இன்னொரு அடுக்கு இருக்கிறது, அதை மூளை தொடுகிறது என்று சொல்வதற்கு இது சமம். அதாவது விதிகளை மாற்றுகிறார். அதே ஜோசஃப்சன் 2001இல் பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் நோபல் நூற்றாண்டு வெளியீட்டுக்கு எழுதிய குறிப்பில், குவாண்டம் கோட்பாடு டெலிபதியை விளக்க உதவலாம் என்று ஒரு வரி சேர்த்து, சக இயற்பியலாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மூளைக்குள் பின்னல் தாக்குப்பிடிக்குமா என்பது தனிக் கேள்வி. சுற்றியுள்ள மூலக்கூறுகள் இடித்துக்கொண்டே இருந்தால் குவாண்டம் நிலை கலைந்துபோகும். டீகோஹரன்ஸ் என்று இதைச் சொல்கிறார்கள். மூளையில் அது நடக்க 10⁻¹³ முதல் 10⁻²⁰ நொடி போதும் என்று இயற்பியலாளர் மேக்ஸ் டெக்மார்க் 2000இல் கணக்குப் போட்டார். நரம்புச் செல் ஒரு முறை துடிக்கவே ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி ஆகும்.

பார்ப்பவரே தீர்மானிக்கிறார்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கோட்பாடு சரி என்பதால் அல்ல, தோற்பதற்கு இடம் வைத்திருக்கிறது என்பதால்.

அடிப்படை பழையது. அளப்பதற்கு முன் எல்லாச் சாத்தியங்களையும் சேர்த்துச் சொல்லும் அலைச்சார்பு, அளவீட்டின்போது ஏன் ஒரே விளைவாகக் குலைகிறது என்ற கேள்விக்கு, கடைசியில் பார்ப்பவரின் உணர்வே காரணம் என்று இயற்பியலாளர் யூஜின் விக்னர் 1961இல் எழுதினார். (டீகோஹரன்ஸ் பற்றி இயற்பியலாளர் ஸே எழுதியதைப் படித்த பிறகு அந்த நிலையை அவரே கைவிட்டார். இந்தப் பகுதியை மட்டும் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.) இன்னொரு இயற்பியலாளரான இவான் ஹாரிஸ் வாக்கர் ஒரு படி மேலே போனார்: உணர்வு குலைக்க மட்டும் செய்வதில்லை, எந்த விளைவு வரும் என்பதையும் கொஞ்சம் சாய்க்கிறது என்றார். இதைச் சோதனை மேசைக்குக் கொண்டுவந்தவர் ஹெல்முட் ஷ்மிட்.

ஷ்மிட் போயிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர். அவர் செய்த கருவியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். உள்ளே ஸ்ட்ரான்டியம்-90 என்ற கதிரியக்கப் பொருள். அதிலிருந்து எலக்ட்ரான் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு எண்ணி 1, 2, 3, 4 என்று நொடிக்கு லட்சக்கணக்கான முறை சுற்றிக்கொண்டே இருக்கும். எலக்ட்ரான் வந்து, துகள்களை உணரும் கைகர் குழாயைத் தட்டும் நொடியில் எண்ணி எந்த எண்ணில் இருக்கிறதோ அந்த விளக்கு எரியும். வெளியே நான்கு வண்ண விளக்குகள், நான்கு பொத்தான்கள். எது எரியப் போகிறது என்று முன்கூட்டியே ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். குருட்டு யோகத்தில் 25 சதவீதம் சரியாக வரும். 1969இல் அவர் வெளியிட்ட முதல் தொடரில் 63,000 முயற்சிகளுக்கு மேல். சரியானவை 26 சதவீதத்துக்குச் சற்று அதிகம். படிக்கச் சப்பென்று இருக்கும், ஆனால் அவ்வளவு முயற்சிகளில் ஒரு சதவீத வித்தியாசம் தற்செயலாக வருவது அபூர்வம்.

அடுத்த கருவியில் ஒன்பது விளக்குகள் வட்டமாக. நாணயம் சுண்டுவது போல ஒவ்வொரு முறையும் வெளிச்சம் வலமாகவோ இடமாகவோ ஒரு படி நகரும். வலமாகப் போக வேண்டும் என்று மனத்தால் உந்த வேண்டும். முன்னோட்டத்தில் கலந்துகொண்டவர்களுக்கு அது எதிர்த் திசையில் நகர முனைந்தது. ஷ்மிட் என்ன செய்தார்? அப்படி எதிர்மறையாக வந்தவர்களைத் தேர்ந்தெடுத்து, "எதிர்த் திசை" என்பதையே எதிர்பார்ப்பாக வைத்து முக்கியச் சோதனையை நடத்தினார். 50க்குப் பதில் 49.1 வந்தது. இதை வெற்றி என்று எண்ணுவதா என்று நீங்கள் புருவத்தை உயர்த்தினால் தப்பில்லை. முன்கூட்டியே திசையைச் சொல்லிவிட்டார் என்பது அவர் பக்க நியாயம்.

பார்வைதான் தீர்மானிக்கிறது என்றால், எண் எப்போது உருவானது என்பது முக்கியமல்ல. முதன்முதலில் எப்போது பார்க்கப்பட்டது என்பதே முக்கியம். இதிலிருந்து ஒரு விசித்திரமான கணிப்பு வருகிறது. இன்று கருவியை ஓடவிட்டு, யாரும் பார்க்காமல் நாடாவில் பதிந்து வைத்து, நாளைக்கு ஒருவரை உட்காரவைத்து "உந்து" என்றாலும் விளைவு வர வேண்டும். ஷ்மிட் இதைச் சோதித்து 1976இல் வெளியிட்டார், வந்தது என்றார். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: நாடாவை வேறொருவர் முன்பே கவனமாகப் பார்த்துவிட்டால் விளைவு மறைய வேண்டும். டெலிபதி போன்றவற்றை ஆராயும் அதீத உளவியல் துறை முழுவதிலும் இவ்வளவு தெளிவாகக் கழுத்தை நீட்டிய கணிப்பு வேறு இல்லை.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலை இப்போது. பெர்க்லியின் இயற்பியலாளர் ஹென்றி ஸ்டாப் ஷ்மிட்டின் முடிவுகளை எடுத்துக்கொண்டு, 1994இல் பிசிக்கல் ரிவ்யூ ஏ இதழில் ஒரு கணித மாதிரி எழுதினார். சாதாரண இதழ் அல்ல அது. அவர் முதலிலேயே ஒத்துக்கொண்டார்: வழக்கமான குவாண்டம் விதிகளின்படி மனம் நிகழ்தகவைச் சாய்க்க முடியாது. அதனால் ஸ்டீவன் வைன்பெர்க் 1989இல் முன்வைத்த நேரியல் அல்லாத (இரண்டு தீர்வுகளைக் கூட்டினால் இன்னொரு தீர்வு வரும் என்ற விதி பொருந்தாத) சமன்பாட்டைப் போல ஒன்றைச் சேர்த்தார். நேர்மையான வேலை. ஆனால் வைன்பெர்க் அந்த மாற்றத்தை முன்வைத்த அதே ஆண்டில் பெரிலியம் அயனிகளில் சோதித்துப் பார்த்தார்கள். அப்படி எதுவும் தென்படவில்லை. 1990இல் நிக்கோலா ஜிசின் இன்னொன்றைக் காட்டினார்: சமன்பாட்டை அப்படி மாற்றினால் ஒளியை மிஞ்சிய செய்தித் தொடர்பு வந்துவிடும். டெலிபதி வேண்டும் என்பவருக்கு அது வரமாகத் தோன்றலாம். ஆனால் பெல் சோதனை நடக்கும் ஒவ்வொரு ஆய்வுக்கூடத்திலும் அது தெரிந்திருக்க வேண்டுமே?

உள்ளேயும் ஒரு பொத்தல் உண்டு. "முதலில் பார்த்தவர்" யார்? ஷ்மிட்டா, உந்தியவரா, ஆய்விதழைத் திறக்கும் வாசகரா? இன்னும் நூறு ஆண்டு கழித்துப் படிக்கப் போகிறவரும் சேர்த்தியா? துறைக்குள்ளேயே பல ஆண்டுகள் விவாதித்தும் இதற்கு ஒரு முடிவு கிடைக்கவில்லை.

சோதனை நிலவரம் சுருக்கமாக: உளவியலாளர் மாயரின் குழு மியூனிக்கில் 2018இல் 12,571 பேரை வைத்து, குவாண்டம் எண் கருவியின் (ஷ்மிட்டின் கருவியைப் போலத் தற்செயல் எண்களைத் தருவது) விளைவைப் பார்ப்பவரின் விருப்பம் சாய்க்கிறதா என்று பார்த்தது. இல்லை என்ற பக்கம் வலுவான சான்று வந்தது. அதன் பிறகு, முயற்சிகள் கூடக்கூட முடிவு எப்படி மாறுகிறது என்ற வரைபடத்தின் ஏற்ற இறக்கத்தில் ஏதோ இருப்பதாகத் தேடத் தொடங்கினார்கள் என்பது வேறு விஷயம். அதீத உளவியலாளர் டீன் ராடின், ஒளியை இரண்டு பிளவுகள் வழியே விட்டு விழும் பட்டைகளைப் பார்க்கும் இரட்டைப் பிளவுச் சோதனையில், கவனத்தால் பட்டை வடிவம் மாறுவதாக 2012 முதல் சொல்லிவந்தார். வாலெசெக், ஃபான் ஸ்டில்ஃப்ரீட் இருவரும் 2019இல் வெளியிட்ட மறுசோதனையில், ஆள் யாரும் உந்தாத ஓட்டங்களிலும் "விளைவு" தெரிந்தது. ராடின் அதை ஏற்கவில்லை.

பொதுமைப்படுத்திய குவாண்டம் கோட்பாடு

இது புத்திசாலிகளின் கோட்பாடு. ஹாரால்ட் அட்மான்ஸ்பாகர், ஹார்ட்மன் ரோமர், ஹாரால்ட் வாலாக் மூவரும் 2002இல் இதை வெளியிட்டார்கள். குவாண்டம் விளைவுகளை நுண்ணிய அளவோடு கட்டிப்போடும் பிளாங்க் மாறிலியைக் கோட்பாட்டிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். எந்த வரிசையில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும் என்ற குணத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் அது எலக்ட்ரானுக்கு மட்டுமல்ல, மனத்துக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சைக்கும்கூடப் பொருந்தும். மூளை சூடானது, ஈரமானது, அதில் குவாண்டம் நிலை தாக்குப்பிடிக்காது என்ற டெக்மார்க்கின் ஆட்சேபம் இதன்மேல் ஒட்டாது, ஏனென்றால் மூளைக்குள் உண்மையான குவாண்டம் நிலை இருப்பதாக இவர்கள் சொல்லவே இல்லை.

இதன் வேர் இயற்பியலாளர் வொல்ஃப்காங் பவுலிக்கும் உளவியலாளர் யுங்குக்கும் இடையே நடந்த நீண்ட கடிதப் போக்குவரத்து வரை போகிறது. இருவரும் 1952இல் சேர்ந்து வெளியிட்ட நூலில்தான் காரணமில்லாத, ஆனால் பொருளுள்ள ஒத்திசைவு என்ற கருத்தை யுங் விரிவாக எழுதினார். பவுலி அருகில் வந்தாலே ஆய்வுக்கூடக் கருவிகள் பழுதாகும் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். அவரும் அதை அரை மனத்தோடு நம்பினார் என்பது கதைக்குச் சுவை.

இந்தக் கோட்பாட்டின் மையம் ஆய்வாளர் வால்டர் ஃபான் லுகாடூ வற்புறுத்தும் ஒரு விதி: இந்தப் பின்னல் ஒற்றுமையைச் செய்தி அனுப்பப் பயன்படுத்த முடியாது, பயன்படுத்த முயன்றால் அது மறையும் அல்லது வேறிடத்துக்கு நகரும். கவனியுங்கள், கயலும் மாறனும் முட்டிக்கொண்ட அதே சுவரைத்தான் இவர்கள் தங்கள் வீட்டின் தூணாக ஆக்கிக்கொள்கிறார்கள். முதல் சோதனையில் விளைவு வந்து, மறுசோதனையில் தேய்ந்து, மூன்றாவதில் காணாமல் போவதுதான் இந்தத் துறையின் நிரந்தர நோய். மற்றவர்கள் அதற்குச் சாக்கு தேடுகிறார்கள். இவர்கள் "அப்படித்தான் ஆகும் என்று நாங்கள் முன்பே சொன்னோமே" என்கிறார்கள்.

அழகுதான், ஆனால் ஆபத்தான அழகு. வந்தாலும் வெற்றி, வராவிட்டாலும் வெற்றி என்றால் இரண்டாவது கேள்விக்கு என்ன பதில்? நியாயமாகச் சொன்னால் இவர்கள் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. மனம் சார்ந்த பல மாறிகளையும் கருவி சார்ந்த பல மாறிகளையும் ஓர் அட்டவணையாக வைத்து, எந்தக் கட்டத்தில் பொருத்தம் வருகிறது என்று சொல்லாமல், மொத்தம் எத்தனை கட்டங்களில் வருகிறது என்று மட்டும் எண்ணும் சோதனையை லுகாடூ வடிவமைத்தார். எண்ணிக்கை தற்செயலை மிஞ்ச வேண்டும். எந்தக் கட்டம் என்பது ஒவ்வொரு முறையும் மாறலாம். இதில் நல்ல முடிவுகள் வந்ததாகச் சொன்னார்கள். பிறகு 2021இல் வாலாக்கும் லுகாடூவும் இருந்த குழுவே, இரண்டு மறுசோதனைகள் தோற்றதை மறைக்காமல் வெளியிட்டது. இந்த இடத்தில் அவர்கள்மீது எனக்கு மதிப்பு கூடியது, கோட்பாட்டின்மீது குறைந்தது.

மற்றவை

இயற்பியலாளர் பென்ரோஸும் மயக்க மருத்துவர் ஹாமராஃபும் முன்வைத்த கோட்பாட்டை எல்லோரும் டெலிபதிக்கு இழுக்கிறார்கள். நரம்புச் செல்களுக்குள் உள்ள நுண்குழல்களில் ஈர்ப்பு விசையால் அலைச்சார்பு குலைவதுதான் உணர்வு என்பது அது. பென்ரோஸ் அதை எழுதியது உணர்வை விளக்கத்தான், டெலிபதியை விளக்க அல்ல. ஈர்ப்பால் குலைவு என்ற பகுதியின் மிக எளிய வடிவத்தை இத்தாலியின் கிரான் சாஸோ நிலத்தடி ஆய்வுக்கூடச் சோதனை கிட்டத்தட்ட விலக்கிவிட்டது. உணர்வு பற்றிப் படிக்க வேண்டுமானால் படியுங்கள். இந்த முடிவுக்கு அது சம்பந்தமில்லாதது.

எதிர்காலத்திலிருந்து தகவல் என்பதை இயற்பியலாளர் ஒலிவியே கோஸ்தா தெ பொரகார் பிடிவாதமாக வாதாடினார். 1974இல் ஜெனீவாவில் குவாண்டம் இயற்பியலுக்கும் அதீத உளவியலுக்கும் என்றே நடந்த மாநாட்டில் அவரும் பேசினார். சமன்பாடுகள் காலத்தின் இரு திசைகளிலும் ஒன்றுபோல இயங்குகின்றன என்பது உண்மை. பின்னோக்கிய காரணத்தை ஏற்கும் குவாண்டம் விளக்கங்களும் இருக்கின்றன, மரியாதையான தத்துவவாதிகள் அவற்றைப் பேசுகிறார்கள். ஆனால் அவையும் கயலுக்குச் செய்தி அனுப்ப வழி தருவதில்லை. நாளைய விளக்கின் நிறம் இன்று தெரியாது.

இயற்பியலாளர் டேவிட் போம், துகள்களை ஓர் அலை வழிநடத்துகிறது என்ற தன் வழிகாட்டி அலைக் கருத்தை மனம்-பொருள் உறவுக்கு நீட்டி, 1986இல் அமெரிக்க உளவியல் ஆராய்ச்சிச் சங்க இதழில் எழுதினார். அதைவிடக் கூர்மையானது ஆன்டனி வாலன்டினி காட்டியது. வழிகாட்டி அலைக் கோட்பாட்டில் துகள்கள் ஒரு சமநிலைக்கு வெளியே இருந்தால் செய்தி அனுப்புவது சாத்தியம். பிரபஞ்சத்தின் தொடக்கத்திலேயே அவை சமநிலைக்கு வந்துவிட்டதால் இன்று முடியவில்லை. வாலன்டினி டெலிபதி பேசவில்லை. ஆனால் ஜோசஃப்சன் தேடிய அந்த அடி அடுக்கு எப்படி இருக்க வேண்டும், ஏன் இன்று திறக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடையாது.

விளக்க ஏதாவது இருக்கிறதா?

கோட்பாடுகளை ஒப்பிடும்போது எளிதில் மறந்துபோகும் கேள்வி. ஒருவரை ஓர் அறையில் கண்ணையும் காதையும் மங்கலாக்கி உட்காரவைத்து, தொலைவில் பார்க்கப்படும் படத்தை நான்கில் ஒன்றாகத் தேர்வு செய்யச் சொல்லும் கன்ஸ்ஃபெல்ட் சோதனைகளில் 25க்குப் பதில் 32 சதவீதம் வந்ததாக 1994இல் ஆய்வாளர்கள் பெம், ஹானர்டன் எழுதினார்கள். 1999இல் மில்டனும் வைஸ்மனும் அடுத்த தொகுதிச் சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது விளைவு தெரியவில்லை. 2011இல் பெம், ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட ஒன்பது சோதனைகளில் எதிர்காலத்தை உணர முடிகிறது என்றார். அதன் முதல் சோதனையில் 50க்குப் பதில் 53.1. அந்தச் சோதனையை, ஆதரவாளர்களையும் எதிர்ப்பாளர்களையும் உட்காரவைத்து முன்பே விதிகளை ஒத்துக்கொண்டு, பல ஆய்வுக்கூடங்களில் திரும்பச் செய்து 2023இல் வெளியிட்டார்கள். கிடைத்தது 49.89 சதவீதம்.

பிரின்ஸ்டனில் ராபர்ட் ஜான் 1979 முதல் 2007 வரை நடத்திய ஆய்வுக்கூடமும் இப்படித்தான். எண் கருவிகளில் நுண்ணிய சாய்வு கண்டதாகச் சொன்னார்கள், 1986இல் குவாண்டம் உருவகங்களோடு ஒரு கோட்பாடும் எழுதினார்கள். 2000இல் ஜெர்மனியின் இரண்டு ஆய்வுக்கூடங்களோடு சேர்ந்து அவர்களே மறுசோதனை செய்தபோது அந்தச் சாய்வு திரும்ப வரவில்லை.

இயற்பியலாளர் ஜான் வீலர் 1979இல் ஹூஸ்டனில் நடந்த அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கக் கூட்டத்தில், தன்னை அதீத உளவியலாளர்களோடு ஒரே அமர்வில் பேசவைத்ததற்குக் கொதித்துப்போய், அவர்களைச் சங்கத்திலிருந்தே விலக்கச் சொன்னார். எனக்கு அந்தக் கோபம் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. ஷ்மிட் போன்றவர்கள் விதிகளுக்கு உட்பட்டுத்தான் விளையாடினார்கள். தோற்றார்கள், அவ்வளவுதான்.

அப்படியென்றால் எதை எடுப்பது?

பின்னிக்கொண்ட மூளைகளை விட்டுவிடுங்கள். அதைப் பற்றி ஒரு மாலை நேரம் படித்தால் போதும். ஹெர்பர்ட்டின் தவற்றையும் நகல் தடைத் தேற்றத்தையும் புரிந்துகொண்டால், "இரண்டு மனங்களின் குவாண்டம் இணைப்பு" என்று எதைக் கேட்டாலும் எங்கே இடிக்கிறது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

தத்துவமும் உளவியலும் படிப்பவர் என்றால் பொதுமைப்படுத்திய குவாண்டம் கோட்பாட்டை எடுக்கலாம், ஒரு நிபந்தனையோடு. ஒவ்வொரு பக்கத்திலும் "இது தோற்க என்ன நடக்க வேண்டும்?" என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே போக வேண்டும். 2021 மறுசோதனையைக் கடைசியில் படிக்காமல் முதலில் படியுங்கள்.

இயற்பியலோ புள்ளியியலோ தெரிந்தவர், ஏதாவது செய்து பார்க்க வேண்டும் என்று கை அரிக்கிறவர் என்றால் ஷ்மிட்-வாக்கர்-ஸ்டாப் வரிசை. என் தேர்வும் அதுதான். விதிகளை மாற்றுகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லி, எங்கே மாற்றுகிறோம் என்று சமன்பாடும் எழுதிக் காட்டியது அது ஒன்றுதான். ஸ்டாப்பின் 1994 கட்டுரையையும் ஜிசினின் 1990 கட்டுரையையும் அடுத்தடுத்துப் படித்தால் நேரியல் தன்மை ஏன் குவாண்டம் கோட்பாட்டின் முதுகெலும்பு என்பது புரியும். டெலிபதியில் துளி நம்பிக்கை இல்லாதவருக்கும் இது கிடைக்கும்.

சோதனை செய்யத் துணிந்தால் முதலில் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 50க்குப் பதில் 53 என்ற அளவு விளைவை, தற்செயலை விளைவு என்று தவறாக எண்ணும் வாய்ப்பு வழக்கமான 5 சதவீதத்தைத் தாண்டாமல், ஐந்தில் நான்கு முறையாவது பிடிக்க ஏறத்தாழ 2,200 முயற்சிகள் வேண்டும். 51 என்றால் சுமார் 20,000. முயற்சிகள் எத்தனை, எந்தத் திசை, எப்போது நிறுத்துவது என்ற மூன்றையும் தொடங்கும் முன்பே எழுதி வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். பதிவான எண்களின் ஒரு பிரதியும் அவரிடமே இருக்கட்டும், நீங்கள் முடிக்கும் வரை அவரும் அதைத் திறந்து பார்க்கக் கூடாது. ஷ்மிட்டின் கோட்பாட்டின்படி அவர் பார்த்துவிட்டால் சோதனை கெட்டுப்போகும்.